விரிசலுக்கு ஏது பூச்சு

மார்ச் பதினேழு, காலை ஒன்பதே கால் மணி. அறுவை மருத்துவர், திசுத் துண்டுகளைச் சோதிக்கும் நோய்க்கூற்றியல் பிரிவுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, அங்கே ஓர் அம்மாள் நுண்ணோக்கியின் மேல் கவிழ்ந்து கண்ணாடித் தகட்டோடு பேசிக்கொண்டிருந்தார். "வாடியம்மா, ஒளிஞ்சது போதும்."

மருத்துவமனையில் அவருக்குப் பெயர் கண்ணாடியம்மா. அவரும் மருத்துவரே, நோயாளியின் முகத்தைப் பார்க்காத மருத்துவர். தகட்டோடு வரும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் குனிவார். "பேரும் வயசும் தெரிஞ்சா கண்ணு இரக்கப்படும். இரக்கப்படுற கண்ணு பொய் சொல்லும்." பக்கத்தில் தேநீர் ஆடை படிந்து கிடக்கும். சூடாக அவர் குடித்ததை யாரும் கண்டதில்லை.

அன்று மருத்துவர் கொண்டுவந்த தகடு, இன்னும் பிள்ளை பெறாத ஓர் இளம்பெண்ணுடையது. கருப்பை வாயில் தொடக்கநிலைப் புற்று. கூம்பாக அறுத்தெடுத்த துண்டுக்குள் நோய் அடங்கியிருந்தது. ஆழம் சொற்பம், விளிம்புகள் சுத்தம். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால், புற்றுச் செல்கள் நிணநீர் ஓடும் நுண்குழாய் ஒன்றில் இறங்கிவிட்டன என்று வெளி ஆய்வகம் எழுதியிருந்தது. குழாயில் இறங்கிய நோய் ஊர்சுற்றக் கிளம்பிய நோய். கருப்பையையும் நிணநீர்க்கணுக்களையும் எடுத்துவிட மருத்துவர் நாள் குறித்தார். "உசிரு இருந்தா போதும்" என்று மாமியார் தலையாட்டினார். அந்தப் பெண் மட்டும், "என்னை யாருமே கேக்கலையே" என்றாள். அந்தச் சொல்தான் மருத்துவரை இங்கே இழுத்து வந்தது.

நாளைக்கே ஆப்பரேஷன், இன்றைக்கே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் பரபரத்தார்.

"அவசரத்துல அண்டாவுக்குள்ளகூடக் கை நுழையாது, தம்பி."

கருப்பையைக் காக்க ஒரு வழி கிடைத்தால் எது கேட்டாலும் செய்வதாக மருத்துவர் வாக்களித்தார். கேட்கிறபோது கொடுத்தால் போதும் என்றார் அம்மாள். மெழுகில் பதித்த துண்டை வெளி ஆய்வகத்திலிருந்து வரவழைத்து, இன்னும் ஆழமாகச் சீவச் செய்து, வேறொரு சாயம் ஏற்றினார். அறுவை தள்ளிப்போயிற்று.

மறுபடி வந்த மருத்துவரை நுண்ணோக்கியில் குனியச் சொன்னார். வெள்ளை இடைவெளி ஒன்று. நடுவே தீவுபோலச் செல்கூட்டம்.

"குழாய்னா உள்சுவர்ல செல் பூசியிருக்கும், அதுல சாயம் பிடிக்கும். பக்கத்துக் குழாயில பிடிச்சிருக்கு, இதுல இல்ல பாருங்க. துண்டு சுருங்குனப்ப விட்ட விரிசல் இது. விரிசலுக்கு ஏது பூச்சு?"

மருத்துவர் மறுபடி குனிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மயிரிழை விரிசலைக் குழாயென்று படித்ததில் ஒரு கருப்பை போகவிருந்தது.

அறுவை நின்றது. தவறாத பரிசோதனைகளோடு ஆண்டுகள் சில கடந்தன, நோய் திரும்பவில்லை. ஒருநாள் மருத்துவர் அந்தப் பெண்ணையும் அவள் இடுப்பிலிருந்த குழந்தையையும் கண்ணாடியம்மாவின் அறைக்கே அழைத்து வந்தார்.

"மேடம், இவங்கதான்..."

"பேர் சொல்லாதீங்க. இவங்க ஸ்லைடு இன்னும் என்கிட்டதான் வரும்."

"எது கேட்டாலும் செய்றேன்னு சொன்னேனே, அந்தக் கடனை நீங்க கேக்கவே இல்லையே?" என்றார் மருத்துவர்.

கண்ணாடியம்மா நாற்காலியைத் திருப்பினார், கண்களை இறுக மூடிக்கொண்டு, சுட்டுவிரலை மட்டும் குழந்தையின் உள்ளங்கைக்கு நீட்டினார்.