குதிரைமுக இளவரசி ஜெர்மனிக்கு வந்த நாள்

அந்த மண்டபத்துக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறுமே ஒரு வாசம்... அவித்த முட்டையும் உப்பும் கலந்த மாதிரி! நிலத்துக்கு அடியிலிருந்து சுடச்சுட வரும் ஊற்றுத் தண்ணீர். அதைக் குடிக்கவும் அதில் குளிக்கவும் அந்தக் காலத்தில் பிரபுக்கள் வண்டி கட்டி வந்த ஜெர்மன் ஊர் எங்களுடையது.

நான் அங்கே குளித்தவர்கள் துடைத்துப் போட்ட துவாய் தோய்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களுக்கு ஊர் வரலாறு சொல்லும் வேலை காலியானதும் துணிந்து கேட்டுவிட்டேன். மேலாளர் அம்மா ஒரே ஒரு நாள் தந்தார். சரிவராவிட்டால் திரும்பவும் துவாய்தான்.

கூட வேலை செய்த சாந்தி அக்கா காலையிலேயே சீண்டினார்.

"என்ன பிள்ளை, நல்லூர்த் திருவிழாவுக்குப் போற மாதிரி வெளிக்கிட்டு நிக்கிறாய்? டொச் பாஷையும் வருமோ, இல்லாட்டி உடுப்பு மட்டுமோ?"

உப்புக் காய்ச்சியவர்கள், பிரபுக்கள், சூதாட்ட மண்டபம்... கண்ணாடி முன் நின்று எல்லாம் பாடமாக்கியிருந்தேன். கூட்டத்தைப் பார்த்ததும்... ஒரு சொல் வரவில்லை! மேலாளர் வேறு பின்னால் நின்று பார்க்கிறார்.

முன்னால் நின்றவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து அம்மா ஒருவர். அதுவும் ஊற்றால் பேர்போன ஊர். என் முழியைப் பார்த்து இரங்கினார் போலும், அவரே தெரிந்த டொச்சில் தங்கள் ஊர்க் கதையைத் தொடங்கினார். தோல் வியாதி வந்த ஒரு இளவரசன் பன்றி மேய்த்தானாம். பன்றிகள் சுடுசேற்றில் புரண்டு சுகமானதைக் கண்டு தானும் இறங்கினானாம். அவர்கள் ஊர் பிறந்தது அப்படித்தானாம். ரோமர் வந்து குளம் கட்டியதெல்லாம் பிறகு.

ஐயோ, எனக்கு வந்ததே ஒரு சந்தோஷப் புளுகம்!

"எங்கட கீரிமலையும் அப்பிடித்தான்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

பிறகு டொச்சில்... யாழ்ப்பாணத்துக் கடலோரம் ஒரு நன்னீர்க் கேணி, குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி, தீர்த்தமாடி முகம் மாறி அழகியானது... கையும் கண்ணும் சேர்ந்து பேசின. ஒருத்தரும் அசையவில்லை. அந்த வேகத்திலேயே எங்கள் ஜெர்மன் ஊர் வரலாறும் மளமளவென்று வந்துவிட்டது.

"அந்தக் குதிரை எங்கள் ஊருடையதில்லை," என்றார் மேலாளர். "ஆனாலும் நாளைக்கும் சொல்லுங்கள்."

வேலை எனக்கு! சாந்தி அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன்.

இப்போது வருகிறவர்கள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றுகிறார்கள். அதில் பேசுவது நான்தான், தெரியுமா! பதிவு செய்த அன்று எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நல்ல டொச், ஒரு பிழை கிடையாது.

ஆனால்... அது எந்த இடத்திலும் வாயடைத்து நிற்பதில்லை. அதனால் ஒருத்தரும் அதற்குத் தங்கள் ஊர்க் கதையைச் சொல்வதுமில்லை.