எட்டுக் கிலோ

அற்புதராணியைப் பார்க்கிற எவரும் அவள் பட்டினி கிடக்கிறாள் என்று நம்பமாட்டார்கள். எழுபத்தெட்டுக் கிலோ. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாணவர் விடுதியொன்றில் சமையல் வேலை. நூற்றிருபது பேருக்குச் சோறும் கறியும் ஆக்கிப் போட்டுவிட்டு, தான் மட்டும் இரண்டு பிஸ்கற்றும் சீனி போடாத தேத்தண்ணியுமாகப் பகலை ஓட்டுவாள். "காத்தைக் குடிச்சே ஊதிப்போனியடி" என்று கூட வேலை செய்யும் கேதீஸ்வரி பகிடி பண்ணுவாள். திருப்பிச் சொல்லவும் அற்புதராணிக்குத் தெம்பிருக்காது.

இது அழகுக்காகக் கிடக்கிற பட்டினியில்லை. தம்பி செந்தூரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தரம் மெஷினில் இரத்தம் சுத்திகரித்து ஆள் நடமாடுகிறான். அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துகிறது. "எட்டுக் கிலோ குறைச்சுப்போட்டு வாங்கோ, ஒப்பறேசனுக்கு நாள் தாறன்" என்று டொக்டர் சொல்லி ஐந்து மாதம். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி. இரவு ஏழு மணிக்குப் பிறகு வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது.

அந்த ஏழு மணியைக் கண்டுபிடித்தவர் பலாலி வீதி பஸ்ஸில் ஒருநாளும் நின்றுகொண்டு வந்திருக்கமாட்டார். ஏழு மணிக்கு அவள் அதில்தான் தொங்குவாள். உரும்பிராயில் இறங்கி வீட்டுக்கு வந்து, மகள் நிவேதனா அவித்து வைத்திருக்கும் புட்டை, உப்புக் குறைத்த கறியோடும் பொரித்த முட்டையோடும் தம்பிக்குப் போட எட்டரையாகிவிடும். நிவேதனாவுக்குப் பதினைந்து வயது. தகப்பன் செத்து ஏழு வருடம்.

செந்தூரன் பாதிதான் சாப்பிடுவான். மற்றப் பாதியைக் கை படாமல் ஒதுக்கி, முட்டையை மேலே வைத்து, சாப்பாட்டுக் கோப்பையை அக்கா பக்கம் தள்ளுவான்.

"வயித்தைப் பிரட்டுதக்கா. நீ சாப்பிடு, வீணாப் போகும்."

அவள் சாப்பிடுவாள். பகல் முழுக்க அடக்கி வைத்த பசி, கடைசிப் பருக்கை வரை விடாது. பிறகு கலோரி எழுதும் கொப்பியைத் திறக்கும்போது தன்மேலேயே வெறுப்பு வரும். தம்பியின் உயிர் கிடந்து இழுபட, ஒரு பிடி புட்டை வேண்டாமென்று சொல்ல வக்கில்லையே. ஐந்து மாதத்தில் இறங்கியது ஒன்றரைக் கிலோதான்.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் நிறை பார்த்தபோது அதிலும் அரைக்கிலோ திரும்பி ஏறியிருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் பாப்பம்" என்றார் டொக்டர். கண் கலங்கி வெளியே வந்தவளைத் தாதி கூப்பிட்டுத் தேற்றினாள்.

"யோசியாதேங்கோ. தம்பி நல்லாயிருக்கிறார். வயித்துப் பிரட்டல் ஒண்டுமில்லை, நல்லாப் பசிக்குது எண்டுதான் ஒவ்வொருமுறையும் சொல்லுறார்."

அற்புதராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலைக்குப் போனாள், வந்தாள். எட்டரைக்குக் கோப்பையைத் தம்பியின் முன்னால் வைத்தாள். பாதி ஒதுங்கியது, முட்டை மேலே ஏறியது.

"வயித்தைப் பிரட்டுதக்கா."

"கிளினிக்கிலை சொன்ன வயிறு வேறையோ?"

செந்தூரன் தலைகுனிந்தான். நிவேதனா உள்ளே படித்துக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் கதைத்தான்.

"நீ மெலிஞ்சால் உன்னை வெட்டுவாங்கள். உனக்கு ஏதும் நடந்தால் உந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?"

"அதுக்காண்டி அஞ்சு மாசமா உன்ரை சாப்பாட்டை எனக்குத் தீத்திக்கொண்டு இருந்தனியோ?"

"ஓம்."

கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போலத்தான் இருந்தது. காலை நாலு மணிக்கு எழும்பிய உடம்பு, கை எழவில்லை. கோபத்தோடு அழுகையும் வந்தது.

"நீ போனால் அவளுக்கு மாமனும் இல்லை. எனக்குத் தம்பியும் இல்லை. சாப்பிடு."

கோப்பையை அவன் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு எதிர்க்கதிரையில் இருந்தாள். அவன் மெல்ல மெல்லச் சாப்பிட்டான். அவளுடைய வயிறு இரைந்தது இரண்டு பேருக்கும் கேட்டது. கடைசியில் ஒரு துண்டு முட்டை மிஞ்சியது. ஐந்து மாதப் பழக்கத்தில் அவளுடைய கை தானாகவே கோப்பைக்குப் போனது.

செந்தூரன் கண்டுவிட்டான். அவசரமாக அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.