சிவப்பு லைட் அணைஞ்சிடுச்சில்ல?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டருக்கு முன்னால் நிற்பவருக்குக் காரைப் பற்றி எல்லாம் தெரியும், பின்னால் நிற்பவளுக்கு ஒன்றும் தெரியாது. இதுதான் எங்கள் தொழிலின் முதல் சட்டம். டத்தோ கிராமாட்டில் ஒரு கடையில் பதினான்கு வருஷமாக அந்தப் பின்னால் நிற்பவள் நான்தான். வீட்டிலேயே ஆயில் மாற்றுவது, வைப்பர் மாற்றுவது, பேட்டரி துடைப்பது எல்லாம் நல்ல பழக்கம், எல்லாரும் செய்யலாம். ஆனால் சாமான் விற்கிறவள் சொல்வதைக் காதில் வாங்காமல் காருக்கு அடியில் போய்ப் படுக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துணிக்கடையோ மருந்துக்கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் யாராக இருந்தாலும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் பல்லைக் கடியுங்கள்.

ஆம்பளை பதில்

கடையில் எனக்குத் துணைக்கு யூசுப் இருக்கிறான். முப்பது வயது, நல்ல பையன். பிறை என்ற ஊரில் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்பார்க் பிளக்கை டப்பா நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பான்.

ஒருநாள் ஒருவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், என்னைத் தாண்டிப் பார்த்தார், பின்னால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த யூசுப்பைக் கூப்பிட்டார். "தம்பி, என் காருக்கு எந்த ஆயில் போடலாம்? பழைய கார், ரெண்டு லட்சம் ஓடிடுச்சு." யூசுப் என்னைப் பார்த்தான். நான் எந்த ஆயில், எத்தனை லிட்டர், கூடவே ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். யூசுப் அதை ஒரு எழுத்து மாறாமல் அவரிடம் திருப்பிச் சொன்னான். இத்தனைக்கும் நாங்கள் மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம். அவர் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாமா, ஆம்பளைங்ககிட்ட கேட்டா டக்குன்னு பதில் வருது!"

வண்டி குடிக்கிற ஆயில்

செல்வம் அண்ணனை எங்கள் ஃப்ளாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பன்னிரண்டு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். அதில் ஒருத்தி மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள். ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. மழை என்றால் குடையோடு இறங்கி வந்து ஒவ்வொரு பிள்ளையாகப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கே நாக்கு கூசும்.

ஆனால் வேனுக்கு எல்லா வேலையும் அவரே செய்வார். மெக்கானிக்கை நாங்கள் இங்கே போமன் என்போம். போமன் கையில் வண்டியைக் கொடுத்தால் நல்லதையும் கழற்றிவிடுவான் என்பது அவர் கட்சி. ஒருநாள் பிரேக் ஆயில் ஒரு பாட்டில் கேட்டு வந்தார். மீட்டரில் சிவப்பு லைட் எரிகிறதாம். "அண்ணே, பிரேக் ஆயில் தானா குறையிற சாமான் இல்லை. குறைஞ்சா ஒண்ணு பேட் தேஞ்சிருக்கணும், இல்லாட்டி எங்கேயோ ஒழுகணும். சக்கரத்தைக் கழற்றிப் பாருங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒரு பாட்டில். பார்த்தீர்களா என்று கேட்டேன். கழற்றிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையாம். நானும் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"ஊத்தினதும் சிவப்பு லைட் அணைஞ்சிடுச்சில்ல? அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

கூடுதல் ரப்பர்

டை கட்டிய ஒரு வங்கி அதிகாரி. காணொளி பார்த்து ஆயில் மாற்றக் கற்றுக்கொண்டாராம். சனிக்கிழமை ஃபில்டர் வாங்கிப் போனவர், திங்கட்கிழமை அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டார். மூடி திறந்த டின் மாதிரி ஆயில் கொட்டி, அவர் ஃப்ளாட் கார் பார்க்கில் மூன்று பேர் இடத்துக்குப் பரவி, நிர்வாகத்தில் இருந்து கடிதமே வந்துவிட்டதாம். "சாப் ஆயாம் சாமான் விக்கிறீங்க!" என்றார். மட்டமான சரக்குக்கு இங்கே அதுதான் பெயர்.

நான் ஃபில்டரைத் திருப்பினேன். வாயில் இரண்டு ரப்பர் வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று எங்களுடையது. இன்னொன்று கறுத்து, காய்ந்து, தட்டையாகிப்போன பழசு. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் எஞ்ஜினிலேயே ஒட்டிக்கொண்டது, இவர் அந்த இடத்தைத் துடைத்துப் பார்க்காமல் புதுசை அதன் மேலேயே முறுக்கியிருக்கிறார். இரண்டு ரப்பர் இருந்தால் எந்த ஃபில்டரும் ஒழுகும். பொறுமையாக, நகத்தால் பிரித்துக் காட்டி விளக்கினேன். அவர் இரண்டு வளையத்தையும் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தார்.

"அப்போ இந்த எக்ஸ்ட்ரா ரப்பரைப் பத்தி வாங்கும்போதே நீங்க சொல்லியிருக்கணும்லா!"

அழிக்கக் கூடாத பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கார் கோங் ஆகிப் படுத்துவிட்டது, ஒரு சத்தமும் இல்லை, புது பேட்டரி வேண்டும் என்றான். பேட்டரி வாங்கி எத்தனை நாள் என்று கேட்டால் நான்கு மாதம். அது எப்படிச் சாகும்? கேட்கக் கேட்கக் கதை வெளியே வந்தது. பூஜைக்காகக் காரைக் கழுவி, பானெட்டைத் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றி, முனை இரண்டையும் பளபளவென்று தேய்த்திருக்கிறான். அதுவரைக்கும் கைகொடுத்துப் பாராட்டலாம். பிறகு அந்த இரண்டு முனையிலும் தாராளமாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அதன் மேலேயே வயரை மாட்டி இறுக்கியிருக்கிறான்.

"தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சந்தனம் காஞ்சு நடுவுல நிக்குது, கரண்ட் போகல. ஈரத்துணியால துடைச்சிட்டு மாட்டு, ஸ்டார்ட் ஆகும்" என்றேன். பைசா செலவில்லாத வைத்தியம். அவன் நான் ஏதோ பாவம் செய்யச் சொன்னதுபோல் ஓரடி பின்னால் போனான். கடைசியில் புது பேட்டரியைத்தான் மடியில் வைத்துக்கொண்டு போனான்.

"வச்ச பொட்டை அழிக்கக் கூடாதுக்கா. நீங்க புதுசாவே ஒண்ணு குடுத்துடுங்க."

மற்ற பதினொரு பேர்

அதே வாரம், பகல் பன்னிரண்டு மணிக்குச் செல்வம் அண்ணன் மூன்றாவது பாட்டிலுக்கு வந்தார். இரண்டாவது வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு மணிக்குப் பள்ளி விடும்.

"போன பாட்டில் எங்கேண்ணே?"

"ஊத்திட்டேன்."

"ஊத்தினது எங்கே போச்சு?"

"பழைய வண்டிமா, குடிக்கத்தான் செய்யும்."

விற்க மாட்டேன் என்றேன். அவர் உள்ளே திரும்பி முதலாளியைக் கூப்பிட்டார். எங்கள் சீன முதலாளி தவுக்கே கணக்குப் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமலே, கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றார். நான் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனேன். வேன் பக்கத்தில் குந்தி, போன் வெளிச்சத்தை அடியில் அடித்தேன். பின்பக்க இடது டயரின் உள்பக்கம் முழுக்க நனைந்து மினுமினுத்தது. தொட்டேன், வழுவழுவென்று விரலில் ஒட்டியது.

"மழைத் தண்ணிமா."

"பத்து நாளா மழையே இல்லைண்ணே."

"அப்போ டயர் பாலிஷா இருக்கும்."

"டயருக்கு உள்பக்கம் யாருண்ணே பாலிஷ் போடுவா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்ளோ பயமா இருந்தா உன் பொண்ணை மட்டும் நிறுத்திக்கலா!" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் பேசுகிற பேச்சா அது? மற்ற பதினொரு பிள்ளைகள் மட்டும் என்ன, சாமானா? அங்கேயே குந்தியபடி டயரைப் படம் எடுத்து, வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பிரேக் ஆயில் ஒழுகுது. இன்னைக்குப் பிள்ளைங்களை நீங்களே கூட்டிக்கிட்டு வாங்க" என்று எழுதினேன். இரண்டு நிமிஷத்தில் செல்வம் அண்ணனின் போன் அடிக்கத் தொடங்கியது. ஒன்றை எடுத்து முடிப்பதற்குள் அடுத்தது. அவர் வேனை அப்படியே விட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே நடந்து போனார். அம்மாக்கள் மோட்டாரிலும் காரிலும் பள்ளிக்கு ஓடினார்கள். ஃபேக்டரியில் இருந்து வர முடியாதவர்களின் பிள்ளைகளை நான் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கடைக்குத் திரும்பித் தவுக்கேயிடம் வாங்கிய திட்டு தனி.

நான்காம் நாள் செல்வம் அண்ணன் வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையைக் கவுண்டரில் வைத்துத் திறந்தார். துருப்பிடித்த இரண்டு பிரேக் சிலிண்டர், ஆயிலில் ஊறிய பிரேக் கட்டைகள். போமனிடம்தான் கொண்டுபோயிருக்கிறார். "பின்பக்கம் ரெண்டும் போச்சுமா. இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தா பெடல் அடியோட போயிருக்கும்னு சொன்னான்" என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. ஒன்பது வருஷமாகக் குடை பிடித்த கையால் பையை மறுபடி மடித்துக் கட்டினார். என் கோபம் பாதி கரைந்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். கண்டுபிடித்தது யார் என்று போமன் கேட்டானா என்று மட்டும் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டான்மா. பொம்பளை சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னா சிரிப்பான்லா, அதான் யூசுப் தம்பி கண்டுபிடிச்சான்னு சொல்லிட்டேன்."

இப்போது வேன் மிதித்த இடத்தில் நிற்கிறது, என் மகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் ஒழுங்காக வீடு வந்து சேர்கிறார்கள், தீபாவளிக்குச் செல்வம் அண்ணன் வீட்டில் இருந்து ஒரு டின் முறுக்கும் கடைக்கு வந்து சேர்ந்தது, யூசுப் பெயருக்கு.