குழப்படி இல்லாத பிள்ளை

எங்கள் வளவில் மாலை ஐந்து மணி ஆகிவிட்டதா என்று பார்க்க எனக்குக் கடிகாரம் தேவையில்லை. ஹனா கத்துவாள்.

ஹனா யார் என்று கேட்கிறீர்களா? என் மனைவியின் தங்கை றிஸ்னாவின் மகள். ஆறு வயது. எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிவிட்டுத்தான் மாப்பிள்ளை தேடுவார்கள். அதனால் ஒரே வளவுக்குள் அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு. அக்கா வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன் நான். ஜன்னலைத் திறந்தால் றிஸ்னாவின் வாசல் தெரியும். மூடினாலும் ஹனாவின் சத்தம் கேட்கும்.

பிள்ளைக்கு அடர்த்தியான சுருட்டை முடி. பின்னேரம் மத்ரஸாவுக்கு ஓதப் போகமுன் றிஸ்னா சீப்போடு வாசலில் உட்காருவாள். அவ்வளவுதான். ஹனா தலை இழுக்க, அதாவது தலை சீவ, விடமாட்டாள். ஓடுவாள், கட்டிலுக்குக் கீழே புகுவாள், சீப்பைப் பிடுங்கி எறிவாள். பல் போன சீப்புகள் எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் எத்தனையோ விழுந்திருக்கின்றன. வாராவாரம் பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியில் சில நேரம் வசனங்கள் பாதியில் முறிந்து கிடந்தால் என்னைத் திட்டாதீர்கள்... அது ஐந்து மணிக்கு எழுதிய பகுதி.

அப்படிப்பட்ட ஹனாவுக்குக் காய்ச்சல் வந்தது.

மாரி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த வாரம். பிள்ளை உடம்பு அடுப்பாகக் கொதித்தது. றிஸ்னாவின் கணவர் நிஸாம் கட்டாரில் வேலை. ஆகவே பிள்ளையின் எல்லா முடிவும் றிஸ்னாவின் தலையில். அப்படித்தான் நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் முடிவெடுக்க அவளைச் சுற்றி ஒரு பாராளுமன்றமே இருக்கிறது. சபாநாயகர் என் மனைவி.

றிஸ்னா கெட்டிக்காரி. அடுத்த நாளே டவுனில் வழக்கமாகக் காட்டும் டொக்டரிடம் பிள்ளையைக் கொண்டுபோனாள். அவர் பரசிட்டமோல் பாணி எழுதிக் கொடுத்தார். வேறு எந்தக் காய்ச்சல் குளிசையும் கொடுக்க வேண்டாம், நன்றாகக் குடிக்கக் கொடுங்கள், டெங்கு காலம், காய்ச்சல் நின்றாலும் சரி நிற்காவிட்டாலும் சரி நாளைக்கு மறுநாள் இரத்தம் சோதிக்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் ஆட்கள் வருத்தம் பார்க்க வந்துவிட்டார்கள்.

வருத்தம் பார்ப்பது, அதாவது நோயாளியை நலம் விசாரிக்கப் போவது, எங்கள் ஊரில் பெரிய மரியாதை. நன்மையும்கூட. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கென்று எழுதாத சட்டம் இரண்டு உண்டு. ஒன்று, வெறுங்கையோடு போகக்கூடாது. பால்மா டின், அப்பிள், முந்திரிகைப் பழக் குலை என்று ஏதாவது கையில் இருக்க வேண்டும். மற்றது, வெறும் வாயோடும் போகக்கூடாது. நோய் என்னவென்று ஒரு முடிவு சொல்லிவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

கண்ணூறு என்றார் ஒருவர். நெய் பூசிய மாதிரி முடியைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்களாம். ஐஸ்கிறீம் என்றார் இன்னொருவர். மழையில் நனைந்தது என்றார் மூன்றாமவர். நனையவில்லை என்று றிஸ்னா சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. பல்லு முளைக்குது என்று ஒரு மாமி சொன்னார். ஆறு வயதில் பல் விழத்தானே செய்யும் என்று நான் மெதுவாகக் கேட்டேன். விழுந்தது முளைக்காதா என்று திருப்பிக் கேட்டார். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

பப்பாசி இலையை இடித்துச் சாறு எடுத்துக்கொண்டு வந்தவர் உண்டு. தன்னுடைய முழங்கால் வலிக்கு எழுதிக் கொடுத்த குளிசையில் பாதியை உடைத்துக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தவரும் உண்டு. காய்ச்சல் பறந்துவிடும் என்றார். அன்பில்தான் கொண்டுவந்தார், அதில் சந்தேகமே இல்லை. றிஸ்னா சிரித்த முகத்தோடு வாங்கிக் குப்பைக் கூடைக்குள் போட்டாள். அன்று அவள் செய்த அந்த ஒரு காரியத்துக்காகவே அவளுக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கட்டாரிலிருந்து நிஸாமும் சும்மா இருக்கவில்லை. கூட இருக்கும் ஆட்கள் சொன்ன வைத்தியம் எல்லாம் வட்ஸ்அப்பில் வந்து கொட்டியது. பாவம்... தூரத்தில் இருக்கும் வாப்பா வேறு என்னதான் செய்வார்?

இரத்தம் சோதிக்கச் சொன்ன நாளில் காய்ச்சல் விட்டது.

ஆஹா, அன்றைக்கு எங்கள் வளவில் பெருநாள். ஆளுக்காள் பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்கள். குளிர்ந்துபோய்க் கிடந்தது. றிஸ்னா இரத்தச் சோதனையை ஞாபகப்படுத்தினாள். காய்ச்சலே இல்லாத பிள்ளையின் கையில் எதற்கு ஊசி குத்துவது என்று என் மனைவி கேட்டாள். சபையில் பலத்த ஆமோதிப்பு. நானும் தலையாட்டினேன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு அதிகம் பயன்படும் உறுப்பு கழுத்துதான்.

என் மனைவி ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் யாசீன் ஓதி, நெய்ச்சோறு ஆக்கி ஆட்களுக்குக் கொடுப்பதாக. மறுநாள் வெள்ளிக்கிழமை. பின்னேரத்துக்கு ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. பகல் முழுக்க இரண்டு வீட்டுக் குசினியிலும் ஏலக்காய் வாசம்.

றிஸ்னா வீட்டு முன் ஹோலில், வாசலுக்கு நேரே கட்டிலைப் போட்டு, புதுச் சட்டை மாட்டி ஹனாவைப் படுக்க வைத்திருந்தார்கள். முதலில் வந்த பெண்கள் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு மாஷா அல்லாஹ் சொன்னார்கள். என்ன அமைதியான பிள்ளை, ஒரு குழப்படி இல்லை, காய்ச்சல் வந்தாலும் வந்தது பிள்ளைக்கு நல்ல புத்தி வந்திட்டு என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். வயிறு நோகுது என்று பிள்ளை காலையில் முனகியதாம். ஆட்கள் கொண்டுவந்த முந்திரிகைப் பழம் முழுவதையும் தின்றால் நோகாதா என்று அதையும் முடித்து வைத்தார்கள்.

நான் என்னுடைய மேசையில் இருந்து இந்தப் பத்திக்கு வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். நன்றாக ஓடியது. அப்பாடா, இன்றைக்கு நிம்மதியாக எழுதுகிறேன் என்று நினைத்தேன். பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி தாண்டிவிட்டது.

சத்தம் இல்லை.

ஜன்னலைத் திறந்தேன். றிஸ்னா கட்டிலில் உட்கார்ந்து ஹனாவின் தலையை மடியில் வைத்து முடியை இழுத்துக்கொண்டிருந்தாள். சிக்கெல்லாம் எடுத்தாயிற்று. பிள்ளை முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. அரைக் கண்ணால் எங்கேயோ பார்த்துக்கொண்டு கிடந்தது. றிஸ்னாவின் கை பாதி முடியில் நின்றது. சீப்பைக் கீழே வைத்தாள். பிள்ளையின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள், காலைப் பிடித்துப் பார்த்தாள். காலையிலிருந்து பிள்ளை மூத்திரம் பெய்தாளா என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

எழும்பிப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். நானும் ஓடிப்போனேன்.

என் மனைவி அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். "ஆக்கள் வந்திட்டாங்க புள்ள. யாசீன் ஓதி முடிச்சிட்டுப் போனா என்ன? அவள் சும்மா படுத்துத்தானே இரிக்காள்."

அக்காவின் சொல்லை றிஸ்னா தட்டி நான் பார்த்ததில்லை. அதுவும் சபை நிறைய ஆட்கள் இருக்கும்போது. அவள் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

"அதான் ராத்தா பயமா இரிக்கி. இவள் சும்மா படுக்கிற புள்ளயா?"

என் மனைவி அகப்பையை இறக்கினாள். விலகி வழிவிட்டாள். விருந்தாளிகளை இறக்கிவிட்டுத் திரும்பப் பார்த்த ஓட்டோவிலேயே நாங்கள் ஏறினோம்.

ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் அன்றைக்குக் கல்முனை றோட்டு நீண்டுகொண்டே போனது. ஹனா என் கையைப் பிடிக்கவில்லை. நான்தான் அவளுடைய கையைப் பிடித்திருந்தேன். ஜில்லென்று இருந்தது. எத்தனை பின்னேரம் இந்தப் பிள்ளை கத்தாமல் இருக்கக்கூடாதா என்று நினைத்திருக்கிறேன். ஒரு தடவை கத்தினால் போதும் என்று அந்த ஓட்டோவுக்குள் துஆச் செய்துகொண்டிருந்தேன்.

டெங்குதான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருந்தது. சேலைன் ஏற்றி, வார்டில் தாதிமார் விடாமல் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். நேரத்தோடு கொண்டுவந்ததால் தப்பியது என்று குழந்தை வைத்திய நிபுணர் சொன்னார். பாண்டிருப்பைச் சேர்ந்த பெண் டொக்டர், அதிகம் சிரிக்காதவர். எங்களைப் பார்த்து அவர் சொன்னது இது.

"காய்ச்சல் விட்டதும் நீங்க சந்தோசப்படுறீங்க. எங்களுக்கு அப்பதான் பயம் துவங்குது."

எதைப் பார்த்து உடனே கொண்டுவந்தீர்கள் என்று றிஸ்னாவைக் கேட்டார். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"தலை இழுக்க விட்டாள், டொக்டர்."

அந்தச் சிரிக்காத டொக்டர் அதையும் சீட்டில் எழுதிவிட்டு, அது போதும், அதைவிட நல்ல அடையாளம் தாய்க்கு வேண்டியதில்லை என்றார்.

பிள்ளை தேறத் தொடங்கியபின், பத்திக்காரன் என்ற உரிமையில் அவரைப் பிடித்து விசாரித்தேன். நமது ஆட்கள் எதற்கு டொக்டரிடம் ஓடவேண்டும், எதற்கு ஓட வேண்டாம்? தடிமன் பிடித்து மூக்கு ஒழுகும் பிள்ளை விளையாடிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருந்தால் நீங்களும் பதறாதீர்கள், எங்களையும் பதற வைக்காதீர்கள் என்றார். ஆனால் மூச்சு வாங்கி, இழுக்கும்போது விலா உள்ளே போனால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புச் சீனிப் பொடியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடிப்பதெல்லாம் வாந்தியாகப் போனாலோ, கண் உள்ளே விழுந்து மூத்திரம் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வாருங்கள். வலிப்பு வந்தால் கேள்வியே இல்லை. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு இரவுகூடப் பார்த்திருக்கக் கூடாதாம்.

டெங்கு காலத்தில் பரசிட்டமோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து, நோவுக்கான மாத்திரை எதுவும் தொடக்கூடாது, இரத்தம் கசியும் என்றார். முழங்கால் குளிசை ஞாபகம் வந்தது. றிஸ்னாவுக்குப் பரிசு என்று சொன்னேனே, இதற்குத்தான். காய்ச்சல் விட்டபின் வயிற்று நோ, வாந்தி, சோர்வு, கை கால் குளிர்தல், பல் முரசில் இரத்தம்... இதில் ஒன்று கண்டாலும் தாமதிக்கவே வேண்டாம். ஓதிப் பார்ப்பதா என்று தயக்கத்தோடு கேட்டேன். தாராளமாக ஓதுங்கள், ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் ஓதுங்கள் என்றார்.

என் மனைவி, பிள்ளையை வார்டில் சேர்த்த அன்றிரவே நெய்ச்சோற்றுப் பார்சலோடு வார்டு வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். றிஸ்னா வெளியே வந்தபோது அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு, சாப்பிடாமல் இருக்கிறாய் என்று தங்கையை ஏசத் தொடங்கினாள். சபாநாயகர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

இதற்கிடையில் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வளவுக்கு வந்தார். டெங்கு நுளம்பு எங்கே பெருகுகிறது என்று பார்க்க. முருங்கை மரத்துக்குக் கீழே கிடந்த வெற்று டின்களைக் கவிழ்த்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர், தண்ணீருக்குள் நெளியும் புழு. எல்லாம் மா டின்கள். போன மாரியில் எனக்குக் கால் சுளுக்கியபோது ஆட்கள் வருத்தம் பார்க்கக் கொண்டுவந்தவை. அடுத்த வருத்தத்தையும் அன்போடு உள்ளே வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் போல.

ஹனா வீடு வந்து சேர்ந்தாள். முதலில் சோர்ந்துதான் கிடந்தாள். ஐந்து மணி வந்துபோகும். றிஸ்னா சீப்பைத் தொடமாட்டாள். அந்த நேரத்தில் இரண்டு வீட்டிலும் எல்லோருடைய காதும் ஒரே பக்கம்தான் இருந்தது.

முந்தநாள் பின்னேரம் நான் மேசையில் இருந்தேன். வாசலில் ஒரு கத்தல். வளவே அதிர்ந்தது. பிள்ளை ஓடும் சத்தம், றிஸ்னா துரத்தும் சத்தம், கடைசியில் கிணற்றுக்குள் சீப்பு தொப்பென்று விழும் சத்தம். குசினியில் என் மனைவி மீன் கழுவுவதை நிறுத்திவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது எழுதிக்கொண்டிருந்த வசனம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா? மா டின் வாங்கவில்லை.

ஒரு டசன் சீப்பு வாங்கிக்கொண்டு போனேன்.