மன்னிப்புக் கேட்காத அன்னபாக்கியம்

அன்னபாக்கியம் பருத்தித்துறையில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் சரித்திரம் படிப்பித்தவள். ஷெல் விழுந்து கணவர் இறந்தபின், நியூசிலாந்தின் ஒக்லாந்தில் இருந்த அவருடைய தம்பி சதாசிவம் அவளைக் கூப்பிட்டெடுத்தார். தொண்ணூற்றிரண்டில் மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சதாசிவமும் மனைவி குணவதியும் வேலைக்குப் போக, சமையலும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் அவள் பொறுப்பாயின. சம்பளம் என்ற பேச்சே எழவில்லை. ஆட்கள் வந்தால், "மச்சாளை நாங்கள்தான் வைச்சுப் பார்க்கிறம்" என்பார் சதாசிவம். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டதில்லை.

அவளுக்கென்று இருந்தது தமிழ்ச் சங்கத்தில் அவள் படிப்பித்த சனிக்கிழமை வகுப்பு மட்டும்தான். தொண்ணூற்றாறில் சங்கத் தலைவர் இராசநாயகம் வீட்டுக்கே வந்தார்.

"ரீச்சர், ஆண்டு விழாவில சோழர் காலத்துப் பெண்களைப் பற்றி நீங்கள் பேசவேணும். எங்கட பெண்கள் எவ்வளவு உயர்வா இருந்தவை எண்டு இஞ்ச வளருற பிள்ளையளுக்குத் தெரியவேணும்."

"இருந்ததைச் சொல்லுவன்."

"அதைத்தானே நானும் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபம் நிறைந்திருந்தது. கற்கோயில் கட்டிய அரசிகளையும், ஊர் ஊராக நிலம் கொடுத்த இளவரசிகளையும் பற்றிச் சொன்னாள். கைதட்டினார்கள்.

"அதே கோயில் கல்லுகளில வேற பெண்களும் இருக்கினம்" என்று தொடர்ந்தாள். "பஞ்சத்தில தங்களையும் பிள்ளையளையும் கோயிலுக்கு வித்தவை. உடம்பில சூலக்குறி போட்டு வைச்சிருந்தவை. காணி இருந்த சில பெண்களுக்கும் அதைத் தாங்களா விக்கேலாது. அவவுக்காக நிண்டு கதைக்க ஒரு ஆம்பிளை வேணும். அவனுக்கு முதுகண் எண்டு பேர்."

முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். "இது எங்களைக் கேவலப்படுத்துற கதை! நிப்பாட்டுங்கோ!"

"ஆர் இவவுக்கு மைக் குடுத்தது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"குழந்தைங்க உக்காந்திருக்கிற இடத்துல பேசற பேச்சா இது?" என்றாள் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி.

இராசநாயகம் கையசைத்தார். மைக் செத்தது. அன்னபாக்கியம் வகுப்பறைக் குரலை எடுத்தாள். "அரசியள் கொஞ்சப் பேர். மிச்சப் பேரை நான் எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது?"

அதற்குள் சதாசிவம் மேடையேறி அவளுக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்கு மைக் வேலை செய்தது. "என்ர மச்சாள் விளங்காமல் கதைச்சுப்போட்டா. அவவுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்."

மண்டபம் கைதட்டியது. இரண்டாவது வரிசையில் குணவதியும் கைதட்டினாள். அன்னபாக்கியம் அதைப் பார்த்தாள்.

காரில் ஏறியதும் சதாசிவம் வெடித்தார். "என்ர வீட்டில இருந்துகொண்டு என்னைத் தலைகுனிய வைக்கிறியளோ?"

"ஓம், உங்கட வீட்டிலதான் இருக்கிறன். அதாலதானே எனக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்டனீங்கள். முதுகண் எண்டா என்னெண்டு நான் சொன்னது விளங்காத ஆக்களுக்கும் நீங்கள் காட்டிப்போட்டியள், தம்பி."

அடுத்த கிழமை இராசநாயகம் தொலைபேசியில், "கொஞ்சநாள் ஓய்வெடுங்கோ, ரீச்சர்" என்றார். வகுப்பு வேறொருவருக்குப் போனது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகும் என்று சதாசிவம் சொல்லிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். அவள் போகவில்லை. அவர் அவளோடு கதைப்பதை விட்டார். குணவதி கதைத்தாள்: "உங்களுக்கென்ன அக்கா, சொல்லிப்போட்டு வீட்டுக்குள்ள இருப்பியள். சனத்தின்ர முகத்தில முழிக்கிறது நாங்கள்."

அன்னபாக்கியம் நகரின் தெற்கே மனுகாவில், சாப்பாட்டுச் சாமான் பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை தேடிக்கொண்டாள். காலைச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள்.

"அப்ப பிள்ளையளை ஆர் பார்க்கிறது?" என்றாள் குணவதி. அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"தம்பியைக் கேளும். எல்லாருக்காகவும் கதைக்கிறவர் அவர்தானே."

அதற்குக் கிட்ட மனுரேவாவில் ஒரு அறை எடுத்துப் போனாள். பெட்டிகளைத் தூக்கி வைக்க யாரும் வரவில்லை. அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று சதாசிவம் சொல்லித் திரிந்தார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒக்லாந்தில் வைத்த பூசையில் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அவளும் இறங்கி வரவில்லை. டெயரி என்கிற தெருமுனைக் கடையில் பழைய சிநேகிதி ஒருத்தி சிரித்தபோது, "அண்டைக்கு நீரும் கைதட்டினனீர்தானே?" என்று கேட்டாள். சிநேகிதி பாலை வாங்காமலே வெளியே போனாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு வேலைநாள் பகலில் குணவதி தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரித்தாள். குரல் தாழ்ந்திருந்தது. பிறகு, "அக்கா, உங்கட பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு ரென்ற் எவ்வளவு வரும்?" என்றாள்.

"ஆருக்கு?"

"சும்மாதான். பிள்ளையளோட இருக்கக்கூடிய மாதிரி."

குணவதி அந்த வீட்டைவிட்டு வரப் பார்க்கிறாள் என்று அன்னபாக்கியத்துக்கு விளங்கியது. வா என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது வரிசையில் தட்டிய கைகள்தான் கண்ணுக்குள் வந்தன. தொகையை மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள்.

குணவதி மறுபடி எடுக்கவில்லை. அவள் அந்த வீட்டிலேயே இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.