விசில் ஊதிய பிறகு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய பிக்கப் வண்டிக்கு ஒரு படி வைத்தது. ஓட்டுநருக்கு அடுத்த இருக்கைப் பக்கம், கதவுக்குக் கீழே, ஒருவர் இரண்டு காலையும் ஊன்றி நின்று திரும்பும் அகலத்துக்கு ஓர் இரும்புப் படி. நான் விசிட்டாவில் விமான உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் பொறியாளர். எந்த உலோகம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுவது என் தொழில். கால் அங்குலத் தகடு போதும் என்றேன். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை.

"அவன் சைஸ் உனக்குத் தெரியும்ல? கன்னு போட்ட பசு மாதிரி இருப்பான்."

"பசுவே ஏறினாலும் தாங்கும்ப்பா."

நான் பற்றவைத்தேன். அவர் பிடித்துக்கொண்டார். சூடு ஆறியதும் படிமேல் ஏறி இரண்டு முறை குதித்துப் பார்த்தார். மூட்டு வலிக்காரர் செய்யக் கூடாத காரியம். படி அசையவில்லை. "சரி, இஞ்சினியரம்மா சொன்னா சரிதான்" என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார். அது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை காலை, கொட்டகையில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்துபோனார். இதயம் என்றார்கள்.

அந்தப் படி அப்பாவின் கல்லூரிக் கால நண்பர் கோர்டெல் பிக்கன்ஸுக்காக. கோர்டெல் மாமாவுக்குச் சலைனா ஊரில் இடுப்பு எலும்பை மாற்றியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை, நடக்கப் பழக்கும் மறுவாழ்வு இல்லத்திலிருந்து விடுகிறார்கள். அவரைப் போய்க் கூட்டிவந்து, சனிக்கிழமை எங்கள் ஊர்க் கல்லூரியின் இந்த வருட முதல் கால்பந்து ஆட்டத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பது அப்பாவின் திட்டம்.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாம் இறைச்சி, உருளைக்கிழங்கு, ஒன்றன் தலையில் ஒன்று உட்கார்ந்த ஸ்வீபாக் ரொட்டி. வந்தவர்கள் ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். என்ன உடம்பு, என்ன வேகம், எங்கேயோ போயிருக்க வேண்டிய மனுஷன். அன்பாகத்தான் சொன்னார்கள். அப்பா உயிரோடு இருந்தபோதும் பெட்ரோல் பங்க்கிலும் முடிவெட்டும் கடையிலும் இதையேதான் சொன்னார்கள். எங்கேயோ போகாமல் எங்கள் ஊரான எல்ம்ரிட்ஜிலேயே நின்றுவிட்டவர் என்று. அது உண்மை இல்லை. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊரில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான். ஒருவன் ஓடுவான் அல்லது எறிவான். அவனுக்கு முன்னால் தடுப்பாட்கள் நிற்பார்கள். அவர்களைச் சாய்த்துவிட்டு அவனைப் பிடிக்க எதிரணி பாயும். என் தாத்தாவுக்கு இது டிக்கெட் போட்டு நடத்தும் சண்டை. நாங்கள் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள். யார்மேலும் கையை ஓங்குவதில்லை. போர்க்காலத்தில் ராணுவத்துக்குப் போக மறுத்துவிட்டு, அரசாங்கம் காட்டிய காட்டில் மரம் நட்டவர் தாத்தா. அவருடைய வீட்டில் நாலு பையன்கள், ஒரு மாட்டுப் பண்ணை, ஒரு சட்டம்: தள்ளினவன்தான் தூக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் எவ்வளவு உருண்டாலும் சரி, கீழே விழுந்தவனுக்குக் கை கொடுக்க வேண்டியவன் அவனை விழவைத்தவன். கொடுக்காதவனுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது.

மூன்றாவது பையன் என் அப்பா, வெர்லின் வோத். பதினெட்டு வயதில் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். படித்த சபைப் பள்ளியில் அணி என்று ஒன்றே இல்லை. கையில் பந்தைத் தொட்டதில்லை. அந்தக் கோடையில் மாவட்டச் சந்தையில் ஒரு கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அப்பா துரத்திப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து வந்தார். கல்லூரிப் பயிற்சியாளர் டெல்மர் ரஸ்க் கையில் செர்ரிப்பழப் பலகாரத் தட்டோடு அங்கே நின்றிருந்தார். எந்தப் பள்ளிக்கு ஆடினாய் என்று கேட்டார். ஆடியதில்லை என்றார் அப்பா. ரஸ்க் தட்டை அப்படியே குப்பையில் போட்டுவிட்டுத் தாத்தாவைத் தேடிப் போனாராம்.

தாத்தா கொடுத்தது ஓர் இலையுதிர்காலம். நவம்பர் நன்றிப் பண்டிகைக்குள் கல்லூரி தன் செலவில் படிக்கவைத்து அணியில் வைத்துக்கொண்டால் சரி. இல்லையென்றால் மாட்டுக்கொட்டகை, மறுபேச்சு கிடையாது. அப்பா படிக்க விரும்பினார். வேறு வழியில் படிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

முதல் நாள் தொடைக் கவசத்தை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்தார். எந்தக் கோல்கம்பம் நம்முடையது என்று கேட்டார். ஆனால் ஓடச் சொன்னபோது, உதவிப் பயிற்சியாளர் தான் கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டதாக நினைத்து இன்னொருமுறை ஓடச் சொன்னார். தேறுவான் என்று அன்று ஒருவர் சொன்னார். மறுநாள் எல்லாரும் சொன்னார்கள்.

புதியவன் முதல் வருடம் சனிக்கிழமை ஆட்டங்களில் இறங்குவதில்லை. வார நாட்களில் வேஷம் கட்டுவான். அடுத்து எந்தக் கல்லூரியோடு ஆட்டமோ, அதன் சிறந்த ஆளுடைய எண்ணைச் சட்டையில் போட்டுக்கொண்டு, அவனைப் போலவே பாய்ந்து, தன் அணியின் மூத்தவர்களுக்குப் பழக்கம் கொடுக்க வேண்டும். அப்பா வாரம் ஓர் ஆளாக இருந்தார். எதிரே தினமும் நின்றவர் கோர்டெல் பிக்கன்ஸ். கடைசி வருட மாணவர், கான்சாஸ் சிட்டிக்காரர், எங்கள் கல்லூரி அதுவரை பார்த்ததிலேயே பெரிய தடுப்பாள். தொழில்முறை அணிகள் அவர்மேல் கண் வைத்திருந்தன. பந்தை எறிபவனைக் காப்பது அவர் வேலை. அவரைத் தாண்டிப்போய் எறிபவனைத் தொடுவது அப்பாவின் வேலை.

முதல் இரண்டு வாரம் அப்பா புல்லைத்தான் அதிகம் பார்த்தார். மூன்றாவது வாரம் ஒருநாள் கோர்டெலைச் சாய்த்துவிட்டார். மைதானமே ஒரு நொடி நின்றது. அப்பாவும் நின்றார். குனிந்து கையை நீட்டி, அடி பட்டதா என்று விசாரித்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒருவன் பந்தோடு கோடு வரைக்கும் ஓடிப்போய்ச் சேர்ந்தான்.

ரஸ்க் தொப்பியைத் தரையில் அடித்தார். "ஏண்டா, இது என்ன ஞாயித்துக்கிழமை வேதப் பள்ளிக்கூடமா?"

மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும். பால்காரன் என்று பட்டப்பெயர் வந்தது. யாராவது தண்ணீர் குடிக்கும்போது தடுக்கி விழுந்தால்கூட, "பால்காரா, ஓடி வா, உன் கிராக்கி" என்று கத்தினார்கள். அப்பா மாறத்தான் முயன்றார். விழுந்தவனைத் தாண்டி ஓடிப் பார்த்தார். கால் தானாக மெதுவானது. அதற்கு விழவைக்காமலே இருக்கலாம் என்று ரஸ்க் சொன்னார். நவம்பர் வந்தது. கல்லூரிச் செலவில் படிக்க ஓர் இடம்தான் காலி இருந்தது. நன்றிப் பண்டிகைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் பார்த்து முடிவு சொல்வதாக ரஸ்க் அறிவித்தார். அப்பாவிடம் தனியாகச் சொன்னது இது:

"கோதுமை இடுப்பளவு வளந்திருக்குடா. கதிரைத்தான் காணோம்."

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கோர்டெல் தட்டோடு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அதுவரை களத்துக்கு வெளியே அவர்கள் பேசியதில்லை. இந்தப் பேச்சை அப்பா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லும் மாறியதில்லை.

"என்னைத் தள்ளிட்டு ஏண்டா அங்கேயே நிக்கிற?"

"எங்க வீட்ல தள்ளினவன்தான் தூக்கணும்."

"சரி, நல்ல வீடு. எப்பத் தூக்கணும்னு உங்க அப்பா சொன்னாரா?"

அப்பா யோசித்துப் பார்த்தார். தாத்தா அதைச் சொன்னதே இல்லை.

"அப்ப விசில் ஊதின பிறகு வா. நான் எந்திரிக்க மாட்டேன். நீ வந்து கை குடுக்கிற வரைக்கும் அங்கேயே கிடப்பேன்."

"கோச் உன்னைத் திட்டுவாரு."

"திட்டட்டும். ஆனா ஒண்ணு, பால்காரா. உனக்காக நானா விழமாட்டேன். முடிஞ்சா தள்ளு."

செவ்வாய்க்கிழமை களத்தின் ஓரத்தில் நீளமான கோட்டு போட்ட ஒருவர் நின்றிருந்தார். தொழில்முறை அணியிலிருந்து கோர்டெலைப் பார்க்க வந்தவர். அப்பாவுக்குத் தெரியாது. கோர்டெலுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வாக்கைக் கொடுத்திருந்தார்.

முதலில் கோர்டெல் அப்பாவை அசைய விடவில்லை. அப்பாவின் வாயில் மண். பயிற்சி முடியும் தறுவாயில், அப்பா தோளைத் தாழ்த்தி உள்ளே புகுந்ததில் கோர்டெலின் கால் எழும்பியது. மல்லாந்து விழுந்தார். அப்பாவின் கால் பழைய பழக்கத்தில் தயங்கியது. கீழே கிடந்தபடி கோர்டெல் சொன்னார்:

"போடா. நான் இங்கதான் இருக்கேன்."

அப்பா போனார். எறிபவன் கையை ஓங்குவதற்குள் அவன் மார்பைத் தொட்டுவிட்டார். விசில் ஊதியது. திரும்பி வந்தார். அத்தனை பெரிய உடம்பு, தன்னை எடைபோட வந்த மனிதரின் கண் முன்னால், மெத்தையில் படுத்திருப்பவரைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அப்பா கை கொடுத்தார். கோர்டெல் எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொண்டு, "லேட்" என்றார். ரஸ்க்கின் தொப்பி தலையிலேயே இருந்தது.

அன்று மாலை பால் கறக்கும் நேரத்தில் பண்ணை வீட்டுத் தொலைபேசி அடித்தது. அந்த இடம் அப்பாவுக்குத்தான் என்று ரஸ்க் சொன்னார். தாத்தா கேட்டது ஒன்றே ஒன்று.

"விழுந்தவனைத் தூக்கிவிட்டானா?"

"தூக்கிவிட்டான். ஆட்டம் நின்ன பிறகு."

"அது பரவாயில்ல" என்று தாத்தா தொலைபேசியை வைத்துவிட்டார்.

கோட்டு போட்டவர் கோர்டெலை அழைக்கவில்லை. வேறு யாரும் அழைக்கவில்லை. தன் முழங்கால் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கோர்டெல் மாமா இன்றுவரை சொல்கிறார். சலைனாவில் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றார். அப்பா அந்த முழங்கால் கதையை முழுதாக நம்பியதில்லை. அவரிடம் ஒருமுறை நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். மாமா வீட்டுக் கூரை ஒழுகினால் அப்பா போவார். மாமி இறந்த குளிர்காலத்தில் வாரம் தவறாமல் போனார். நன்றி என்ற சொல்லை இரண்டு பேர் வாயிலும் நான் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் கிண்டல்தான். பால்காரன் வந்துட்டான், பாத்திரத்தை எடுத்து வை.

அப்பா மூன்று இலையுதிர்காலம் ஆடினார். நன்றாக ஆடினார், ஊர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மூன்றாவதில் மூட்டு பிசகியது. படிப்பை முடித்து, மாவட்டச் சாலைத் துறையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். எங்கேயோ போயிருக்க வேண்டியவர் என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கியது. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் அவரையே கேட்டேன், வருத்தமாக இல்லையா என்று. அவர் உண்மையாகவே குழம்பிப்போனார்.

"ஒரு சீசன்தான்னு வந்தேன். மூணு வருஷம் ஆடினேன். படிச்சேன். ஸ்டேடியம் வாசல்ல டிக்கெட் கிழிச்சிட்டிருந்த உங்கம்மாவைப் பாத்தேன். இதுல எதுமா குறைஞ்சுபோச்சு?"

என் ஆலையில் ஆட்குறைப்பு நடந்து முதல்முறை வேலை போனபோது, அம்மா அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அப்பா வரவில்லை. இரண்டு நாள் அழுது முடித்து, மூன்றாம் நாள் நான் தலைசீவி உட்கார்ந்திருந்தபோது வாசலில் வண்டிச் சத்தம். ஒரு பெட்டி தக்காளியோடு நின்றார். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டேன்.

"விசில் ஊதட்டும்னு இருந்தேன்" என்றார்.

அப்படி ஒருவர் எனக்கு அப்பாவாக இருந்தார். அந்த அப்பா எங்களுக்குக் கிடைத்ததில் ஒரு பங்கு, ஒருவர் எழுந்திருக்காமல் தரையில் கிடந்ததால். கீழ்த்தளத்தில் ரொட்டி தின்றவர்களிடம் இதை நான் சொல்லவில்லை.

இன்று மாலை கோர்டெல் மாமாவை அழைத்தேன். அப்பா இறந்த அன்றைக்கே அம்மா அவரிடம் செய்தியைச் சொல்லியிருந்தார். அடக்கத்துக்கு அவரை அனுப்ப மருத்துவர் சம்மதிக்கவில்லை. மாமா முதலில் கேட்டது படியைத்தான்.

"படி வச்சாச்சா பாப்பா?"

"வச்சாச்சு மாமா."

"ஆடுதா?"

"இல்ல. அப்பா ஏறிக் குதிச்சுப் பாத்தாரு."

"செய்வான், முட்டாப் பய. இங்க இவங்க வேன் இருக்காம். கொண்டுவிடறோங்கிறாங்க. வேணாம்னுட்டேன்."

நாளை வெள்ளிக்கிழமை. சலைனா இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம். வண்டியின் சாவி சமையலறைக் கொக்கியில் தொங்குகிறது. இருக்கையில் அப்பா மடித்துவைத்த போர்வை, மாமாவின் இடுப்புக்கு ஒரு தலையணை, கண்ணாடிக்கு அடியில் சனிக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட். பத்து மணிக்குப் போய், கை கொடுத்து, எழுப்பிக் கூட்டிவர வேண்டும்.