துரையின் இமைகள்

நேற்றுக் காலை எதிர்வீட்டுப் பெண் கையில் ஒரு சின்னச் சங்குடன் வந்து நின்றாள். அவளுடைய மகனுக்குக் கண்ணோயாம். இரண்டு துளி தாய்ப்பால் வேண்டுமாம். பால் கொடுக்கிற தாய் இருக்கும் வீட்டுக்கு இப்படி யாராவது வருவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. என் இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து மாதம். கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "எதுக்கும் ஆஸ்பத்திரியிலையும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றேன்.

"என்னக்கா, உங்கட பாலிலை உங்களுக்கே நம்பிக்கையில்லையோ?" என்று சிரித்துக்கொண்டு போனாள்.

இல்லைதான். ஏன் என்று அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

இளஞ்சூட்டில் பாலுக்கு ஒரு மணம் உண்டல்லவா? எனக்கு அதனோடு நனைந்த நாயின் மணமும் சேர்ந்தே வரும். வேறு எந்தத் தாய்க்காவது இப்படி வருமோ தெரியாது.

நாயின் பெயர் துரை. யுத்தம் தொடங்கிய பிறகு, மாற்றலாகிக் கப்பலேறிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன குட்டி அது. துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்த என் கணவர் அதைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். நெற்றியெல்லாம் தோல் மடிப்பு, தொங்கும் கன்னம், யாரோ லீவு கேட்டுவிட்டது போல ஒரு கடுகடுப்பு. பெயர் வைத்தது நான். இவருக்கு ஒரே பயம். "றோட்டிலை நிண்டு அந்தப் பேரைக் கூப்பிடாதையும், என்ர வேலை போயிடும்" என்பார். நான் கிணற்றடியில் நின்று இன்னும் உரத்துக் கூப்பிடுவேன். புதிதாகக் கலியாணம் செய்து வந்தவளுக்கு அந்த வீட்டில் பகல் முழுக்கத் துணை அது ஒன்றுதான். என் சேலைத் தலைப்பில் தலை வைத்துத்தான் தூங்கும்.

ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊர் காலியானது. நான் பிள்ளைத்தாய்ச்சி, சாம்பல்தீவில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இவருக்கு வேலையை விட ஏலாது. துரை இவரோடு நின்றது. எட்டு மாதம் கழித்து, மூன்று மாதப் பிள்ளையோடு படலையைத் திறக்கிறேன், துரை என்னைப் பார்த்துக் குரைக்கிறது! குரைத்துவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்கு ஓடி, பிலோமினாக்காவின் தையல் மெசினுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

பிலோமினாக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கலியாணம் செய்யவில்லை. படுக்கையில் கிடந்த தகப்பனைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று ஊரிலேயே இருந்துவிட்டாள். சீனன்குடாப் பக்கம் முகாமிட்டிருந்த இந்தியப் படையின் கோவேறு கழுதைகளுக்குக் கன்வஸ் துணியில் தீனிப்பை தைத்துக் கொடுத்தாள். நான் இல்லாத எட்டு மாதமும் நாய்க்குச் சோறு போட்டது அவள்தான். இவருக்கும்.

"பிலோமினா சொன்னவ, பருப்புக்கு உள்ளி கொஞ்சம் கூடப் போட்டால் நல்லமெண்டு."

"அப்ப அங்கையே போய்ச் சாப்பிடுங்கோவன்."

"நான் பருப்பைத்தானே சொன்னனான்."

அவளிடம் ஒரு தப்பும் இருந்ததாக இன்றுவரை எனக்குச் சான்று கிடைக்கவில்லை. நான் தேடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

துரையின் கண்கள் ஒழுகியபடியே இருந்தன. மூக்கின் இரண்டு பக்கமும் கறுத்த கோடு இறங்கியிருந்தது. வெயிலைக் கண்டால் கண்ணை இடுக்கும்; முன்காலால் தேய்க்கும். கண்ணோய் என்று முடிவு செய்தேன். படித்தவள் நான், சுகாதாரப் பாடத்தில் பரிசு வாங்கியவள். அந்தப் புத்தகத்தில் தாய்ப்பாலைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் தினமும் பிள்ளைக்குக் கொடுத்து முடிந்ததும் துரையை மடியில் கிடத்தி, கண்ணுக்கு இரண்டு துளி விட்டேன். அந்தச் சூடு அதற்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும். நீளமாக மூச்சு விட்டபடி அசையாமல் கிடக்கும். அந்த ஐந்து நிமிடம் அது என்னுடைய நாய். பக்கத்து வீட்டில் மெசின் சத்தம் நிற்கும். பிலோமினாக்கா வேலியோரம் வந்து பார்ப்பாள். பார்க்கட்டும். என்ன தைத்தாலும் அவளிடம் பால் இல்லையே. இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்று இருக்கவில்லை.

ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "தங்கச்சி, கோவிக்காதையும். உது கண்ணோய் இல்லைப் போலக் கிடக்கு. தீனிப்பை எடுக்க நாளைக்குக் கழுதை டொக்டர் வாறார். ஒருக்காக் காட்டுவமே?"

டொக்டர் சென்னைப் பட்டணத்துக்காரர். துரையின் கீழ் இமையைப் பெருவிரலால் மெல்லக் கீழே இழுத்தார். பல மாதத்துக்குப் பிறகு அந்தக் கண் முழுதாகத் திறந்து என்னை நேரே பார்த்தது. வால் ஆடியது. விரலை எடுத்ததும் இமை உள்ளே சுருண்டுகொண்டது.

"இது நோய் இல்லேம்மா. இமை உள்பக்கமா மடிஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவை சிமிட்டும்போதும் மயிர் கருவிழியை உரசுது. வலது கண்ணிலே புண்ணே வந்தாச்சு. இமைக்குக் கீழே பிறை மாதிரி கொஞ்சம் தோலை வெட்டித் தைச்சா நிமிர்ந்துக்கும்."

"கூட வெட்டுப்பட்டால்?" என்று கேட்டேன்.

"கண் மூடாது. குறைச்சா வெட்டினா திரும்ப மடியும். கை பழகினவன் செய்யணும். நான் செஞ்சிருக்கேன்."

இவர் என்னைப் பார்த்தார். "உமக்குச் சரியெண்டால் செய்விப்பம்."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பிலோமினாக்கா, "ஓம் எண்டு சொல்லும் தங்கச்சி" என்றுவிட்டாள். "ஒரு கிழமை யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

யோசித்தேன், பொய்யில்லை. மயக்க மருந்தில் எழும்பாமல் போனால்? தையலைப் பிய்த்துக்கொண்டால்? கழுதை பார்க்கிற கைக்கு நாயின் இமை பிடிபடுமா? எல்லாம் நியாயமான பயங்கள்தான். அவற்றுக்கு அடியில் இருந்த ஒன்றை மட்டும் நான் தொடவில்லை. கண் சுகமானால் துரை என் மடிக்கு எதற்கு வரும்? அந்தக் கிழமை முழுக்க விடாமல் பால் விட்டேன்.

ஏழாம் நாள் அது மடிக்கு வரவில்லை. கிணற்றுக்கட்டில் முட்டிக்கொண்டு நின்றது. வலது கண் கஞ்சி உறைந்தது போல வெளுத்திருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துரையையும் இழுத்துக்கொண்டு, நானே பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்தேன்.

"அக்கா, டொக்டரை வரச்சொல்லுங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை அவையள் முகாம் மாறிப் போகினமாம்" என்றவள், நின்ற நிலையிலேயே சைக்கிளை எடுத்தாள்.

அவள் துணி வெட்டுகிற மேசையில்தான் அறுவை நடந்தது. டொக்டர் நிமிர்ந்து, "மயக்கம் வர்ற வரைக்கும் ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கணும். யார் சொன்னா இது கேக்கும்?" என்றார்.

இவர் நிலத்தைப் பார்த்தார். பிலோமினாக்கா என்னைப் பார்த்தாள். அவள் முந்திக்கொண்டு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ சொன்னாத்தான் கேக்கும்" என்றேன்.

வெளியே பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளிருந்து அவளுடைய குரல்: "என்ர ராசா, ஒண்டுமில்லை, கொஞ்சம் பொறு ராசா." உள்ளே இவரும் நின்றார். அந்த நேரத்திலும் யாரைச் சொல்கிறாள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

கை கழுவும்போது டொக்டர் சொன்னார், குற்றமாக அல்ல, கணக்குப் பாடம் சொல்வது போல: "இடது கண் தப்பிடுச்சு. போன வாரமே செஞ்சிருந்தா ரெண்டுமே இருந்திருக்கும்." பிறகு ஒருவரும் அதை என்னிடம் சொன்னதில்லை. இவர்கூட. சொல்லியிருக்கலாம். துரை தையலைச் சொறியாமல் இருக்க, தீனிப்பைத் துணியில் கழுத்தைச் சுற்றி விரிந்த ஒரு பட்டை தைத்துப் போட்டாள் பிலோமினாக்கா. அவ்வளவு நேர்த்தியான தையல். அதிலும் குறை தேடினேன்.

யுத்தம் முடிந்தது. கழுதைக் கொட்டில்கள் நின்ற இடத்தில் இப்போது நாயுருவிப் பற்றை. தகப்பன் கண்மூடியதும் பிலோமினாக்கா மன்னாரில் தங்கையிடம் போனாள். "துரையைக் கூட்டிக்கொண்டு போகட்டோ?" என்று கேட்டாள். துரை ஏற்கெனவே அவளுடைய பெட்டியருகில் படுத்திருந்தது. ஓம் என்றேன். பக்கத்து வீட்டில் இப்போது கோழி வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போன ஆவணியில் ஒரு கடிதம் வந்தது, இவருடைய பெயருக்கு. நான்தான் முதலில் பிரித்தேன். துரை நாலு நாள் சாப்பிடாமல் கிடந்து செத்துப்போனதாம். கடைசிவரை அந்த இடது கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்ததாம்.

கடிதத்தை மடித்து இவருடைய மேசையில் வைத்தேன். "என்னவாம்?" என்று கேட்டார். "நாய் செத்துப்போச்சாம்" என்றேன். அது யாரைப் பார்த்துக்கொண்டு செத்தது என்பதை அவரே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று குசினிக்குள் போய்விட்டேன்.